தொப்புளைச் சுற்றி 14 ஊசியா? அந்தக் கதை முடிந்து ரொம்ப நாளாச்சு!

பெரம்பலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், நாய் கடித்த பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி சொன்னார்: ''ஆஸ்பத்திரிக்குப் போனா தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்க. பச்சப்புள்ள தாங்காது. அந்தக் காலத்துல ஊசி போட்டுக்கிட்ட ஒருத்தருக்குக் கால் விளங்காமப் போச்சு, தெரியுமா?''

பாட்டி சொன்னது பொய்யல்ல. ஆனால், பழைய உண்மை!

டேவிட் செம்பிள் 1911-ல் கண்ட முறைப்படி, அந்தத் தடுப்பூசியை ஆட்டு மூளையிலிருந்து தயாரித்தார்கள். நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் பல ஆண்டுகள் அதுதான் தயாரானது. லட்சக்கணக்கான உயிர்களைக் காத்த ஊசிதான். வினை எங்கே வந்தது? மூளையோடு சேர்ந்து 'மையலின்' என்ற பொருளும் உள்ளே போனது.

நரம்பிழை மேல் சுற்றியிருக்கும் கொழுப்பு உறைதான் மையலின். உறைக்கு நடுநடுவே சிறு இடைவெளிகள் உண்டு. அரியலூர் வழியே போகும் எக்ஸ்பிரஸ் ரயில் சின்ன ஸ்டேஷன்களை விட்டுவிட்டுப் பறப்பதுபோல, நரம்புச் சேதியும் இடைவெளிக்கு இடைவெளி தாவுகிறது. வேகமான இழைகளில் நொடிக்கு 100 மீட்டர்கூடப் போகும்! உறை உரிந்தால்? சேதி தவழும்; அல்லது பாதி வழியிலேயே நின்றுவிடும். 'நட' என்று மூளை உத்தரவு போட்டாலும், கால் அசையாது.

மிகச் சிலருக்கு, ஆட்டு மையலினை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, தன் சொந்த மையலினையே தாக்கியது. கால் மரத்தது, சிறுநீர் அடைத்தது. சிலர் இறந்தும் போனார்கள்.

2004 டிசம்பரோடு இந்தியாவில் அந்த ஊசியின் தயாரிப்பு நின்றுவிட்டது. இப்போதைய மருந்து செல் வளர்ப்பில் தயாராவது. மூளைத் திசுவே கிடையாது. பெரியவர்களுக்குக் கையில்தான் ஊசி. அரசு மருத்துவமனைகளில் இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ம் நாள் என 4 தடவை போனால் போதும்.

என் ஆதங்கம் இதுதான். 'ஊசி போடுங்கள்' என்று சுவரெல்லாம் எழுதுகிறோம். 'பழைய ஊசியால் சிலருக்குக் கெடுதல் நடந்தது நிஜம். அது இப்போது இல்லை' என்று யாராவது பாட்டியிடம் சொன்னோமா? மறைத்தால் பயம் போகாது. கிராம செவிலியர்கள் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால், ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். ரத்தம் வந்திருந்தால், காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலின் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

பாட்டி, பேரனைத் தூக்குங்க. தொப்புள் பக்கம் யாரும் வரமாட்டாங்க!