காயிலைக் கேட்காத வாட் கணக்கு

இரண்டு பேட்டரி போடும் வேப் (மின்சிகரெட்) கருவிகளின் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் ஓர் எண் இருக்கும்: 200 வாட், 220 வாட். அதைக் கொஞ்சம் வகுத்துப் பார்க்கலாம். 200 வாட் என்றால் ஒரு பேட்டரியின் பங்கு 100 வாட். 18650 என்ற வகை லித்தியம் பேட்டரி, சார்ஜ் தீரும் நேரத்தில் ஏறக்குறைய 3.2 வோல்ட் தரும். கருவிக்குள்ளேயே வீணாவதற்குப் பத்து சதவீதம் ஒதுக்கினால், ஒவ்வொரு பேட்டரியிலிருந்தும் சுமார் 35 ஆம்பியர் இழுக்க வேண்டும். வேப் ஆர்வலர் வட்டாரத்தில் நல்ல பெயரெடுத்த சாம்சங் 25ஆர் பேட்டரியில் தொடர்ந்து எடுக்கலாம் என்று தயாரிப்பாளர் குறித்திருக்கும் அளவோ 20 ஆம்பியர்தான். பெட்டியில் எண் போட்டவர் பேட்டரியைக் கலந்து பேசவில்லை.

திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயிலையும் கலந்து பேசவில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கடையில் விற்கும் காயிலை வாங்காமல் தாங்களே கம்பி சுற்றிக்கொள்ளும் ஆர்வலர் கூட்டம் ஒன்று உண்டு. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த காந்தல் கம்பியை ஒரு சிறு தண்டில் சுற்றி, நடுவே பஞ்சைச் செருகி, திரவத்தில் நனைப்பார்கள். கம்பி சூடானால் திரவம் ஆவியாகும். இவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, 'எத்தனை ஓம்?' என்பது. அவசியமான கேள்விதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதிக் கணக்குதான் ஆகும்.

0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள காந்தல் கம்பியில் அரை ஓம் வேண்டுமென்றால் சுமார் 43 மில்லிமீட்டர் நீளம் போதும். 0.5 மில்லிமீட்டர் கம்பி என்றால் அதே அரை ஓமுக்கு 68 மில்லிமீட்டர் வேண்டும். மீட்டரில் வைத்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் தடித்த கம்பியின் மேற்பரப்பு மெல்லியதைப் போல இரு மடங்கு. அதிலுள்ள உலோகம் இரண்டரை மடங்கு. இரண்டுக்கும் 30 வாட் கொடுத்தால் மெல்லிய காயில் சட்டென்று தகித்துப் பஞ்சைக் கருக்கிவிடலாம். தடித்தது நிதானமாகத்தான் சூடேறும். ஒரே தீயில் தகரக் குவளையையும் வெண்கல உருளியையும் வைத்தது போலத்தான். ஆகவே வாட்டைத் தீர்மானிக்க ஓம் மட்டும் போதாது. கம்பியின் மேற்பரப்பு எவ்வளவு, பஞ்சு எவ்வளவு வேகமாகத் திரவத்தை இழுத்துத் தருகிறது என்பதும் தெரிய வேண்டும்.

ஓம் உயிர் விஷயமாகும் இடம் வேறு. மின்னணுச் சில்லு உள்ள கருவியில் பேட்டரியின் சுமையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வாட்தான். காயிலின் ஓம் அபாயகரமாகக் குறைந்திருந்தால் நல்ல சில்லு வேலை செய்யவே மறுத்துவிடும். மெக்கானிக்கல் மோட் என்ற வகையில் அந்தச் சில்லு கிடையாது. ஓர் உலோகக் குழாய், ஒரு பொத்தான், ஒரு பேட்டரி, அவ்வளவுதான். அங்கே பத்தாம் வகுப்பு ஓம் விதி நேரடியாக ஆள்கிறது. முழு சார்ஜில் 4.2 வோல்ட் உள்ள பேட்டரியோடு 0.5 ஓம் காயிலை இணைத்தால் 8.4 ஆம்பியர் ஓடும். 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர். ஆவி மேகத்துக்கு ஆசைப்பட்டு 0.1 ஓமுக்கு இறங்கினால் 42 ஆம்பியர். வழக்கமான 18650 பேட்டரிகள் அதைத் தொடர்ந்து தாங்கமாட்டா. சில்லு உள்ள கருவியில் சார்ஜ் குறையும்போது மின்னோட்டம் கூடும். குழாயிலோ சார்ஜ் நிறைந்திருக்கும்போதுதான் உச்சம். ஒன்றில் பழகியவர் இன்னொன்றைக் கையில் எடுக்கும்போது அவருடைய பழக்கமே தலைகீழாகிவிடுகிறது.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை செய்திகளில் வந்த மின்சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களைத் திரட்டியபோது 195 தேறின. அவற்றில் 61 சம்பவங்களில் கருவியோ பேட்டரியோ சட்டை, கால்சட்டைப் பையில் இருந்தது. 60 சம்பவங்களில் புகைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் காயில்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பையிலிருக்கும் சாவியும் சில்லறைக் காசும் உதிரிப் பேட்டரியின் இரு முனைகளை இணைத்தாலே தீப்பற்றப் போதும்.

காயிலையும் வாட்டையும் பிரித்துப் பார்க்கும் தவறு ஆர்வலர்களோடு முடிவதில்லை. 2015 ஜனவரியில் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய கடிதம் உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. 3.3 வோல்ட்டில் தென்படாத ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் 5 வோல்ட்டில் கணிசமாகத் தென்பட்டன என்றது அது. அதே ஆண்டு கிரேக்க இதயநோய் மருத்துவர் கான்ஸ்டன்டினோஸ் ஃபார்சலினோஸ் குழு வேறொரு சோதனை நடத்தியது. ஒரே வடிவமுள்ள இரண்டு காயில் அமைப்புகள். ஒன்றில் திரவத்தை இழுத்துத் தரும் இரட்டைத் திரி, மற்றதில் ஒற்றைத் திரி. 9, 10 வாட்டில் ஒற்றைத் திரி வறண்டது; புகைத்தவர்கள் அந்தக் கருகல் சுவையை உடனே கண்டுகொண்டார்கள்; ஃபார்மால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடுகள் 30 முதல் 250 மடங்கு வரை ஏறின. இரட்டைத் திரியில் அதே வாட்டில் சொற்ப அளவே. வேப்பிங் பாதுகாப்பானது என்பதற்கு இது சான்றாகாது; நிக்கோடினின் அடிமைப்படுத்தும் தன்மை இதனால் மாறிவிடவும் இல்லை. ஆனால் கம்பி, திரி விவரம் இல்லாமல் வோல்ட்டை மட்டும் சொல்லும் செய்தி, எது ஆபத்து என்பதையே சொல்லாமல் விடுகிறது.

சட்டங்களும் இப்படித்தான். 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றி 2016 மே மாதம் நடைமுறைக்கு வந்த புகையிலைப் பொருள் நெறிமுறை திரவத்தை வெகு கறாராக அளந்தது: நிக்கோடின் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, தொட்டி 2 மில்லிலிட்டர், புட்டி 10 மில்லிலிட்டர். வாட்டுக்கு உச்சவரம்பு ஏதும் வைக்கவில்லை. வாட் கூடினால் ஒரே இழுப்பில் ஆவியாகும் திரவமும் கூடும் என்பதால், 20 மில்லிகிராம் என்ற வரம்பு மட்டும் நிக்கோடினைக் கட்டுப்படுத்திவிடாது. இந்தியா 2019-இல் விற்பனை, தயாரிப்பு, இறக்குமதி எல்லாவற்றையும் தடை செய்து, முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை என்றது. அது வேறு வழி. விற்க அனுமதிக்கும் நாடுகளுக்கோ இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

அந்த நாடுகள் முதலில் செய்ய வேண்டியது, சில்லு இல்லாத குழாய்களைக் கடையிலிருந்து அகற்றுவது. 'எங்களுக்குக் கணக்குத் தெரியும்' என்று ஆர்வலர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பலருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவர்கள் சலித்துப்போய் விற்கும் குழாயைப் பாதி விலைக்கு வாங்கும் இருபது வயதுப் பையனிடம் ஓம் மீட்டர் இருக்காது, அதில் முன்பு சுற்றியிருக்கும் காயில் எத்தனை ஓம் என்று அவனுக்குத் தெரியவும் தெரியாது.