ஆல்ப் துவெஸ்: போகச்சரை மடக்கப்போவது யார்?

வாடிப்பட்டி நாற்கரச் சாலையில் சைக்கிள் மிதிப்பவருக்குச் சிறுமலை வேடிக்கை பார்க்கத்தான். டூர் டி பிரான்ஸில் மலையேறாமல் கோப்பை கிடையாது. 2026 போட்டி ஜூலை 4-ல் பார்சிலோனாவில் தொடக்கம். மொத்தம் 21 கட்டங்கள். 19, 20-வது கட்டங்கள் இரண்டுமே ஆல்ப் துவெஸில்தான் முடிகின்றன. முதல் நாள் புகழ்பெற்ற 21 கொண்டை ஊசி வளைவுகள், 100 மீட்டருக்குச் சராசரியாக 8 மீட்டர் ஏற்றம். மறுநாள் கலிபியே கணவாயைத் தாண்டிப் பின்பக்க வழி.

நான்கு முறை வென்ற ஸ்லோவேனியாவின் போகச்சர் ஐந்தாவதையும் தட்டினால் மெர்க்ஸ், இனோ வரிசைக்கு வந்துவிடுவார். டென்மார்க்கின் விங்கெகார்ட் அவரை 2022, 2023-ல் முந்தியவர். 2022-ல் கிரானோன் கணவாயில் அணியே மாறி மாறித் தாக்கி போகச்சருக்கு மூச்சு வாங்க வைத்தது. தனியாளாக மோதினால் வேலைக்கு ஆகாது. பெல்ஜியத்தின் எவனெபோல் தனிநேர ஓட்டத்தில் கில்லி. உயர மலைகளில் தாங்குவாரா என்பதுதான் சந்தேகம். இப்போதைக்கு போகச்சர் பக்கமே காற்று. விங்கெகார்டின் அணி அந்த இரண்டு நாளுக்குத் தெம்பை மிச்சம் வைத்திருந்தால்தான் கணக்கு மாறும்.