வீட்டு சாக்லேட்தானே என்று ஆறு சாப்பிட்டார் அப்பா!

போன வருஷம் அரையாண்டு விடுமுறைக்கு அண்ணன் மகள் சென்னைக்கு வந்திருந்தாள். நான்காம் வகுப்பு. வந்த இரண்டாவது நாளே, "அத்தை, எல்லாரும் வீட்லயே சாக்லேட் பண்றாங்க, நம்மளும் பண்ணலாமா?" என்று ஆரம்பித்துவிட்டாள். பேக்கரி சாமான் விற்கும் கடையில் அரை கிலோ டார்க் காம்பவுண்ட் கட்டியும் சிலிகான் மோல்டும் வாங்கி வந்தேன். உருக்கினோம், ஊற்றினோம், ஃப்ரிட்ஜில் வைத்தோம். பளபளவென்று ஐம்பது சாக்லேட்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. கடை இனிப்பைத் தொடவே மாட்டார். அன்று டி.வி பார்த்துக்கொண்டே ஆறு சாக்லேட்டைக் காலி செய்திருக்கிறார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் 187. வழக்கமாக 130-ஐ ஒட்டித்தான் இருக்கும். அம்மா பிடித்துக்கொண்டதும், "பாப்பா வீட்ல செஞ்சதுதானே, என்ன பண்ணப் போகுது?" என்றார். (ராத்திரி பரோட்டாவும் சாப்பிட்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பழியும் என் சாக்லேட்டுக்கு வேண்டாம்.)

அப்புறம்தான் குப்பையிலிருந்து அந்தக் கவரை எடுத்துப் பின்பக்கம் படித்தேன். முதலில் சர்க்கரை. அடுத்தது ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு. கோகோ மூன்றாவதாகத்தான் வந்தது. எது எடையில் அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வர வேண்டும் என்பது லேபிள் விதி. அதாவது நான் வாங்கியது கோகோ மணம் சேர்த்த சர்க்கரையும் கொழுப்பும். 100 கிராமில் 52 கிராம் சர்க்கரை என்று அதிலேயே அச்சடித்திருந்தது. பத்து கிராம் சாக்லேட் ஆறு என்றால் 31 கிராம் சர்க்கரை. பெரியவர்களே ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நிஜ சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு கோகோ பட்டர். அது நம் உடல் சூட்டை ஒட்டியே உருகிவிடும். அதனால்தான் நல்ல சாக்லேட் வாயில் போட்டதும் கரைகிறது. காம்பவுண்டில் அதற்குப் பதிலாக பாமாயில் வகைக் கொழுப்பு. விலை குறைவு, சுலபமாக உறையும், பளபளப்பும் தானாக வந்துவிடும். புதிதாகச் செய்பவர்களுக்கு வசதிதான். உணவுப் பொருட்களில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்று 2022-லிருந்து நம் நாட்டில் விதி இருக்கிறது. ஆனால், நிறைவுற்ற கொழுப்பு அப்படியே இருக்கிறதே!

இந்த வருஷம் அவள் வருவதற்கு முன்பே நான் பரிசோதனையில் இறங்கிவிட்டேன். முதல் முயற்சி படுதோல்வி. 'நாட்டுப் பொருள் சேர்த்தால் ஆரோக்கியம்' என்று கருப்பட்டியைப் பாகாக்கி, உருகிய சாக்லேட்டில் ஊற்றினேன். ஒரு நொடியில் மொத்தமும் சேறு மாதிரி திரண்டுவிட்டது. உருகிய சாக்லேட்டுக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது. ஈரக் கரண்டி பட்டால்கூட போச்சு. சூடான பால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் சாஸ் ஆகிவிடும் என்று படித்து, அதைத் தோசைக்குத் தொட்டுத் தீர்த்தோம். தவிர, சர்க்கரை அளவைப் பொறுத்தவரை கருப்பட்டியும் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் பெரிய வித்தியாசம் கிடையாது. பேரீச்சையும் அப்படித்தான். நார்ச்சத்து இருக்கிறது, உண்மை. ஆனால், எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. 'நோ சுகர்' என்று எழுதிய பேரீச்சை உருண்டையை அப்பாவிடம் கொடுத்தால் கதை மறுபடியும் முதலிலிருந்து.

கடைசியில் கைகொடுத்தது இதுதான். பட்டியலில் தாவரக் கொழுப்பு இல்லாத, 70 சதவிகித கோகோ உள்ள டார்க் சாக்லேட் 100 கிராம். வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலை 60 கிராம், வெறும் வாணலியில் மொறுமொறுவென்று வறுத்த மெல்லிய அவல் 30 கிராம், வறுத்த எள் ஒரு ஸ்பூன், சிட்டிகை உப்பு. பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத் தண்ணீரைச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு, அதன் மேல் துடைத்துக் காயவைத்த கிண்ணத்தை வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரில் படக்கூடாது. சாக்லேட்டில் முக்கால் பங்கை அதில் போட்டு உருக்கி, இறக்கிய பிறகு மீதியைப் பொடியாக நறுக்கிச் சேர்த்துக் கிளறுங்கள். சூடு தணிந்து, உறையும்போது ஓரளவு பளபளப்பு வரும். வராவிட்டாலும் சுவைக்குக் குறைவில்லை. மற்றதையெல்லாம் கொட்டிப் பிரட்டி, பட்டர் பேப்பரில் சின்னச் சின்னதாக இருபது குவியல் வைத்து, ஃப்ரிட்ஜில் இருபது நிமிடம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடென்றால் கடலையை நன்றாகப் பொடித்துவிடுங்கள், தொண்டையில் சிக்கும். நாய் வளர்ப்பவர்கள் டப்பாவை உயரத்தில் வையுங்கள். சாக்லேட் அவற்றுக்கு விஷம்.

இதில் ஒரு துண்டுக்குச் சாக்லேட்டிலிருந்து வரும் சர்க்கரை சுமார் ஒன்றரை கிராம். பழைய சாக்லேட்டில் ஐந்து கிராம். செலவு கூடத்தான் செய்கிறது. பாதிக்குப் பாதி கடலையும் அவலும் என்பதால் தாங்குகிறது.

அண்ணன் மகள் முதல் துண்டைக் கடித்துவிட்டு, "மருந்து மாதிரி இருக்கு அத்தை" என்றாள். நியாயம்தான், 70 சதவிகிதம் எட்டு வயசு, ஒன்பது வயசு நாக்குக்குக் கசக்கும். அவளுக்காக 55 சதவிகித சாக்லேட்டில், பத்துப் பதினைந்து உலர் திராட்சை சேர்த்துத் தனியாக ஒரு தட்டு போட்டோம். அதில் சர்க்கரை கொஞ்சம் அதிகம்தான். பரவாயில்லை, லீவுக்கு வந்த பிள்ளை. அப்பா விஷயத்தில் மட்டும் அவருடைய டாக்டரிடம் கேட்டேன். "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு, ரெண்டு சாப்பிடட்டும், தினமும் வேண்டாம்" என்றார்.

பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க எட்டு பொட்டலம் கட்டினோம். லேபிள் எழுதும் வேலை அவளுடையது. "எது ஜாஸ்தியோ அதைத்தானே அத்தை முதல்ல எழுதணும்?" என்று கேட்டு, சாக்லேட், வேர்க்கடலை, அவல், எள், உப்பு என்று ஸ்கெட்ச் பேனாவில் வரிசையாக எழுதினாள். தாத்தாவின் டப்பாவில் மட்டும் கீழே பெரிதாக இன்னொரு வரி சேர்த்திருந்தாள்: 'ரெண்டுதான் தாத்தா. நான் எண்ணி வச்சிருக்கேன்.'