எந்த முல்லர்?

கதிரியக்கத்தை அளக்கும் கைகர்–முல்லர் எண்ணியை இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள், அல்லது விரைவில் படிப்பீர்கள். உயிரியல் பக்கம் வந்தால், டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டவர் முல்லர். எக்ஸ் கதிர்களால் மரபணுக்களில் திடீர் மாற்றங்களை உண்டாக்கியவர் முல்லர். வண்ணத்துப்பூச்சிகளின் நிறங்களைப் பற்றிப் பேசும்போதும் ஒரு முல்லர் வந்து நிற்கிறார். "இத்தனையும் ஒரே ஆளா?" என்று உங்களில் சிலர் வியந்திருக்கலாம். வியந்தது உங்கள் தவறன்று. குடும்பப் பெயரை மட்டும் அச்சிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும் புத்தகங்களின் தவறு.

இவர்கள் நான்கு பேர். முல்லர் என்றால் ஜெர்மன் மொழியில் மாவு ஆலைக்காரர். ஊருக்கு ஊர் ஆலை இருந்தது; ஆகவே ஜெர்மனியில் மிக அதிகமானோர் தாங்கும் குடும்பப் பெயர் அதுதான். நம் வகுப்பில் இரண்டு முருகன் இருந்தால் தலைப்பெழுத்து காப்பாற்றிவிடும். பாடத்தில் வரும் முல்லருக்கு அதுகூட இல்லை.

இது வெறும் மதிப்பெண் விவகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். பால் ஹெர்மன் முல்லர் ஸ்விட்சர்லாந்துக்காரர். 1874 இலேயே தயாரிக்கப்பட்டு, கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு சேர்மம் பூச்சிகளைக் கொல்வதை அவர் 1939 இல் கண்டார். அதுதான் டி.டி.டி. பேன்களால் பரவும் டைபஸ் காய்ச்சலையும் கொசுக்களால் பரவும் மலேரியாவையும் அடக்க அது பெரிதும் உதவிற்று. 1948 இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பின்னால்தான், பருந்து போன்ற பறவைகளின் முட்டை ஓடுகளை அது மெலியச் செய்வது தெரிந்தது.

ஹெர்மன் ஜோசப் முல்லர் அமெரிக்கர். அவருக்கும் பூச்சிகளோடுதான் வேலை. ஆனால் கொல்வதற்கு அல்ல. பழ ஈக்களைப் புட்டிகளில் வளர்த்து, எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, அவற்றின் சந்ததியில் திடீர் மாற்றங்கள் பெருகுவதை 1927 இல் அறிவித்தார். 1946 இல் அதே மருத்துவப் பரிசு இவருக்கு. கதிர்வீச்சு பரம்பரையைப் பாதிக்கும் என்று ஓயாமல் எச்சரித்தவர். அணு ஆயுதங்களின் ஆபத்தைச் சொன்ன 1955 ஆம் ஆண்டு ரஸ்ஸல்–ஐன்ஸ்டீன் அறிக்கையில் கையெழுத்திட்டவர். இருவர் பெயரிலும் 'ஹெர்மன்' வேறு! ஆளை மாற்றிவிட்டால் ஒருவர் மருந்தின் பழி, ஆபத்தை எச்சரித்த இன்னொருவர் தலையில் ஏறும். புகழும் அப்படியே இடம் மாறும்.

வால்தர் முல்லர் நிலை இன்னும் பரிதாபம். 1928 இல் கைகரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்து, அந்த எண்ணியை உருவாக்குவதில் பங்கு கொண்டார். பேச்சு வழக்கிலோ அது வெறும் 'கைகர் எண்ணி'!

நான்காமவர் பிரிட்ஸ் முல்லர், 1852 இல் ஜெர்மனியிலிருந்து பிரேசிலில் குடியேறியவர். கசக்கும் பல இன வண்ணத்துப்பூச்சிகள் ஏன் ஒரே நிறக்கோலம் கொண்டுள்ளன என்பதை 1878 இல் விளக்கினார். ஒன்றைக் கொத்திப் பாடம் கற்ற பறவை, அதே கோலமுள்ள மற்றவற்றையும் விட்டுவிடும். பல பேருக்கு ஒரே அடையாளம் இருப்பது வண்ணத்துப்பூச்சிக்கு இலாபம். முல்லர்களுக்கு நஷ்டம்தான்.

கதையிலும் ஒரு முல்லர் உண்டு. எரிக் மரியா ரெமார்க்கின், முதல் உலகப் போரைப் பற்றிய 1929 ஆம் ஆண்டு நாவலில், பள்ளியிலிருந்து போர்முனைக்குப் போன மாணவர்களில் ஒருவன். அவனை 'ஐந்தாம் முல்லர்' என்றே ரெமார்க் அறிமுகப்படுத்துகிறார். எண் போட்டுப் பிரிக்க வேண்டிய அளவுக்கு முல்லர்கள்! பாடப் புத்தகங்களைச் சுமந்து திரிகிறான். குண்டு மழைக்கு நடுவிலும் இயற்பியல் விதிகளை உருப்போடுகிறான். போர் முடியுமுன் சுடப்பட்டு இறக்கிறான். வாழ்ந்த நால்வரைவிட, கற்பனையான இவனை நமக்கு நன்றாகத் தெரிகிறது. அதற்கு ரெமார்க்குக்குத் தேவைப்பட்டவை சில வரிகளே.

பாடநூலில் முழுப் பெயரும் நாடும் ஆண்டும் சேர்க்க அரை வரி போதும். அதைச் சேர்க்கும்வரை, உங்கள் புத்தகத்தில் முல்லர் வரும் இடத்தில், ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்: வால்தர், பால் ஹெர்மன், ஹெர்மன் ஜோசப், பிரிட்ஸ்.