விட்ட காசு யாருக்குப் போகுது? லாட்டரி முதல் ரம்மி ஆப் வரை ஒரு லாப நஷ்டக் கணக்கு

‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு.’ 1968-ல் அண்ணா ஆட்சியில் தமிழக அரசின் பரிசுச் சீட்டு வந்தபோது பிரபலமான வாசகம் இது. பரிசு விழுந்தால் உங்களுக்கு லாபம், விழாவிட்டாலும் சீட்டுக் காசு ஊருக்கு நல்லது செய்யும் என்று அர்த்தம். சூதாட்டத்துக்கு ஆதரவாக இன்றுவரை சொல்லப்படும் வாதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அப்போதும் இதே வாதம் திரும்பி வந்தது. வேலை போகும், வரி வருமானம் போகும், ஆடுபவர்கள் வெளிநாட்டு ஆப்களுக்குத் தாவுவார்கள் என்றார்கள். இதில் எவ்வளவு உண்மை?

நன்மைன்னு எதுவுமே இல்லையா?

இருக்கிறது. பக்கத்து மாநிலமான கேரளாவைப் பார்த்தாலே தெரியும். அங்கே 1967-ல் லாட்டரிக்கென்றே தனி அரசுத் துறை தொடங்கப்பட்டது. 1968 ஜனவரி 26-ல் முதல் குலுக்கல். டிக்கெட் 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். இன்று ஓணம் பம்பரின் முதல் பரிசு 25 கோடி ரூபாய். மாற்றுத்திறனாளிகள், முதியவர்கள் எனப் பலருக்கு டிக்கெட் விற்பதுதான் பிழைப்பு. காருண்யா லாட்டரியின் வருமானம் ஏழைகளின் மருத்துவச் செலவுக்குப் போயிருக்கிறது.

ஆனால், அந்த மருத்துவ உதவிக்கான காசைக் கொடுத்தது யார்? தினமும் டிக்கெட் வாங்கும் கூலித் தொழிலாளியும் ஆட்டோ ஓட்டுநரும்தான் அதில் கணிசமானவர்கள். வருமான வரி என்றால் அதிகம் சம்பாதிப்பவர் அதிகம் கட்டுவார். லாட்டரியில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. நன்மை ஒருவருக்கும் நஷ்டம் இன்னொருவருக்கும் போகிறது. அதனால் ‘சமூகத்துக்கு மொத்தத்தில் லாபம்’ என்று கூட்டிக் கழித்துச் சொல்வது நியாயமாகாது.

ஆப்புக்கும் லாட்டரிக்கும் என்ன வித்தியாசம்?

வேகம். லாட்டரி வாங்கினால் குலுக்கல் வரை காத்திருக்க வேண்டும். ஆப்பில் ஒரு ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும், அடுத்தது உடனே ரெடி.

ஒரு உதாரணக் கணக்கு. 6 பேர் ஆளுக்கு 100 ரூபாய் போட்டு ரம்மி ஆடுகிறார்கள். 100-க்கு 10 ரூபாய் கம்பெனி கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 ரூபாய், ஜெயித்தவருக்குக் கிடைப்பது 540. இதே 6 பேர் 10 ஆட்டம் ஆடினால் கம்பெனிக்கு 600 ரூபாய் போய்விடும். அதாவது, ஒரு ஆட்டத்தில் மேசைக்கு வந்த மொத்தப் பணத்துக்குச் சமமான தொகை. யார் ஜெயித்தாலும் இது மாறாது. அந்த 10 ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடலாம் என்பதுதான் பயமான விஷயம்.

இந்த வேகத்தில்தான் ‘விட்டதைப் பிடிக்கணும்’ என்ற எண்ணம் ஆளைப் பிடிக்கிறது. சூதாட்ட அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. இழந்த பணத்தை மீட்கத் திரும்பத் திரும்ப ஆடுவதை மனநல மருத்துவர்கள் அதன் முக்கிய அறிகுறியாகப் பார்க்கிறார்கள். எப்போது பரிசு வரும் என்று தெரியாதபோதுதான் மூளை விடாமல் முயற்சி செய்கிறது. அப்போது சம்பளம் தீர்ந்தால் கிரெடிட் கார்டு, அது தீர்ந்தால் லோன் ஆப், கடைசியில் வீட்டு நகை. ஆடியவர் ஒருவர், கடன் கட்டுவது மொத்தக் குடும்பமும்.

‘ரம்மி திறமை விளையாட்டுதானே?’

நீதிமன்றங்களில் பல வருடங்களாக ஓடும் விவாதம் இது. ரம்மியில் திறமைக்குத்தான் முக்கிய இடம் என்று 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. குதிரைப் பந்தயத்தையும் 1996-ல் திறமை விளையாட்டு என்றது. தமிழக அரசின் முதல் தடைச் சட்டத்தை 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் பரிந்துரைக்குப் பிறகு வந்த புதிய சட்டத்திலும், ரம்மி, போக்கர் மீதான தடையை 2023 நவம்பரில் நீக்கியது.

சட்டத்துக்கு இந்தக் கேள்வி முக்கியமாக இருக்கலாம். கடனில் நிற்கும் குடும்பத்துக்கு இது எந்த விதத்திலும் உதவாது. திறமை இருந்தால் ஒருவர் ஜெயிக்கலாம்தான், ஆனால் அவர் ஜெயிக்கும் பணம் திறமை குறைந்த இன்னொருவரின் சம்பளத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். தனக்குத் திறமை இருக்கிறது என்ற நம்பிக்கையே தோற்றவரை எழுந்து போக விடாது. எனவே, எவ்வளவு வேகமாக, எவ்வளவு பணம் போகிறது என்பதை அளந்து பார்ப்பதே சரியான கேள்வி. அந்த வகையில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்ற தமிழக அரசின் விதிகள் சரியான இடத்தில் கை வைத்தன. 2025 ஜூனில் உயர் நீதிமன்றமும் அவற்றை ஏற்றது.

தடை போட்டாச்சு, அப்புறம்?

மத்திய சட்டப்படி பண விளையாட்டு நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. பாதிக்கப்பட்டவரைக் குற்றவாளி ஆக்காதது நல்ல முடிவு.

ஆனால், தடை மட்டும் போதாது என்பதற்குத் தமிழகமே சாட்சி. இங்கே 2003-ல் லாட்டரி தடை செய்யப்பட்டது. மூன்று நம்பர் லாட்டரி விற்றதாகக் கைது என்ற செய்தி இன்றும் வருகிறது. இப்போது வெளிநாட்டு பெட்டிங் தளங்களும் அப்படித்தான். ஒன்றை முடக்கினால் வேறு பெயரில் இன்னொன்று முளைக்கும். அங்கே தோற்றாலும், ஜெயித்த பணம் வராவிட்டாலும் கேட்க நாதி இல்லை.

அதனால் வங்கிகளும் யுபிஐ ஆப்களும் இந்தத் தளங்களுக்குப் போகும் பணத்தை மறிக்க வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் குடிநோய்க்குச் சிகிச்சை தருவதுபோல இதற்கும் தர வேண்டும். இரண்டும் இல்லாமல் சட்டம் மட்டும் இருந்தால், ஆட்டம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகுமே தவிர நிற்காது.

உங்களுக்கோ நண்பருக்கோ ‘இன்னும் ஒரே ஒரு ஆட்டம்’ என்பது பழக்கமாகிவிட்டால், முதலில் வீட்டில் ஒருவரிடம் கடன் கணக்கை முழுசாகச் சொல்லிவிடுங்கள். பிறகு 104 அல்லது டெலி மானஸ் 14416 எண்ணை அழையுங்கள். இரண்டும் இலவசம். விட்டதை ஆடிப் பிடிக்க முடியாது. அடுத்த மாதச் சம்பளத்தையாவது காப்பாற்றலாம்.