'ஹி'யை அடித்து 'ஷி' என எழுதிய பட்டம்... கிண்டியில் சாதித்த லலிதாவின் கதை!

கிண்டி பொறியியல் கல்லூரியில் 1943-ல் படிப்பை முடித்த மூன்று பேருக்குச் சான்றிதழ் தருவதில் ஒரு சின்னச் சிக்கல். அதுவரை அங்கே படித்த எல்லோரும் ஆண்கள் என்பதால், சான்றிதழில் 'ஹி' என்றே ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். அதை அடித்துவிட்டு 'ஷி' என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. காரணம், அந்த மூவரும் பெண்கள். இந்தியாவின் முதல் பெண் இன்ஜினீயர்கள்!

அவர்களில் மின் பொறியியல் படித்தவர் அ.லலிதா. ஒரு குழந்தையின் தாயாக, கணவரை இழந்தவராக அந்தக் கல்லூரிக்குள் நுழைந்தவர்.

18 வயதில் விழுந்த இடி

1919-ல் சென்னையில், தெலுங்கு பேசும் நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தார் லலிதா. ஏழு குழந்தைகளில் ஐந்தாமவர். அப்பா பப்பு சுப்பாராவ், கிண்டி கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். வீட்டில் ஆண் பிள்ளைகள் இன்ஜினீயரிங் பக்கம் போக, பெண் பிள்ளைகளுக்கு அடிப்படைப் படிப்போடு கல்யாணம் என்பதே அன்றைய வழக்கம். லலிதாவுக்கும் 15 வயதில் திருமணம் நடந்தது. ஆனாலும், எஸ்.எஸ்.எல்.சி வரையாவது படிக்க வேண்டும் என்பதில் அப்பா உறுதியாக இருந்தார்.

1937 செப்டம்பரில் மகள் பிறந்தாள். அடுத்த நான்கே மாதங்களில் கணவர் இறந்துவிட்டார். லலிதாவுக்கு அப்போது வயது 18.

கணவரை இழந்த பெண்ணை வீட்டு மூலையில் முடக்கிவைத்த காலம் அது. லலிதா பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். தன் காலில் நிற்க வேண்டும், அதற்குப் படிக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். குயின் மேரிஸ் கல்லூரியில் சேர்ந்து, இன்டர்மீடியட் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார்.

ஏன் டாக்டர் ஆகவில்லை?

அன்றைக்குத் தொழிற்கல்வி என்று வந்தால், பெண்கள் போகக்கூடிய பாதையாக மருத்துவம் இருந்தது. லலிதா அதை வேண்டாம் என்றார். டாக்டர் என்றால் நடுராத்திரியில் அழைப்பு வந்தாலும் கிளம்ப வேண்டும். கைக்குழந்தையை அப்படி விட்டுவிட்டு ஓட அவருக்கு மனம் வரவில்லை. காலையில் போய் மாலையில் திரும்பும் வேலை வேண்டும். வீட்டில் எல்லோரும் இன்ஜினீயர்கள். நாமும் ஏன் ஆகக் கூடாது என்று யோசித்தார்.

முதல்வர் கே.சி.சாக்கோவிடமும், பொதுக்கல்வி இயக்குநர் ஆர்.எம்.ஸ்டாதமிடமும் அப்பா பேசினார். கல்லூரி வரலாற்றில் முதன்முறையாக ஒரு பெண்ணைச் சேர்க்க இருவரும் சம்மதித்தார்கள்.

வகுப்பில் மாணவர்களால் தொல்லை இல்லை. ஹாஸ்டல் தனிமைதான் வாட்டியது. குழந்தை உறவினர் வீட்டில் வளர, வார இறுதிகளில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மகளுக்குத் துணை வேண்டுமே என்று மற்ற பெண்களையும் சேர்த்துக்கொள்ளும்படி அப்பா கேட்க, கல்லூரி விளம்பரம் செய்தது. அடுத்த ஆண்டு லீலாம்மா ஜார்ஜும் பி.கே.திரேசியாவும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தார்கள். இரண்டாம் உலகப்போர் காரணமாகப் படிப்புக்காலம் குறைக்கப்பட்டதால், மூவரும் ஒன்றாகவே பட்டம் பெற்றார்கள். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்!

மேஜையிலிருந்து பக்ரா நங்கல் வரை

ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஓராண்டு பயிற்சி. பிறகு சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் வேலை. அதன்பின் சிறிது காலம் அப்பாவின் ஆராய்ச்சிக்கு உதவி. மின்சாரத்தில் இயங்கும் இசைக்கருவி, புகையில்லா அடுப்பு எனப் பல முயற்சிகளில் அப்பா இறங்கியிருந்தார். ஆனால், குடும்பச் செலவுக்கு நிலையான வருமானம் தேவைப்பட்டது.

1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த ஊரைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம், சகோதரர் குடும்பம் அங்கே இருந்தது. மகளை வளர்ப்பதில் அந்த வீடு தோள்கொடுத்தது.

மின்கடத்தும் வழித்தடங்கள், துணைமின் நிலையங்களின் அமைப்பு ஆகியவற்றை வடிவமைப்பது லலிதாவின் வேலை. சட்லெஜ் நதியின் பக்ரா நங்கல் அணையின் மின் உற்பத்திப் பணியிலும் அவர் பங்கு உண்டு. கணவர் இல்லாத பெண் தனியாக வெளியூர்ப் பணியிடங்களுக்குப் போவது எளிதாக இல்லாத காலம் என்பதால், பெரும்பாலும் அலுவலகத்தில் இருந்தே வடிவமைத்தார். ஏறக்குறைய 30 ஆண்டுகள் அங்கே பணியாற்றி, 1977-ல் ஓய்வுபெற்றார்.

நியூயார்க்கில் ஒரு புடவை

1964-ல் நியூயார்க்கில், பெண் இன்ஜினீயர்கள் மற்றும் விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு நடந்தது. இந்தியாவில் அப்போது பெண் இன்ஜினீயர்களுக்கென்று அமைப்பு எதுவும் இல்லாததால், லலிதா தனிப்பட்ட முறையில் கலந்துகொண்டார். 150 ஆண்டுகளுக்கு முன்பென்றால் கணவரின் சிதையில் தன்னையும் சேர்த்து எரித்திருப்பார்கள் என்று அங்கே அவர் சொன்னது செய்தியானது. ஊர் திரும்பியவர், 1967-ல் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாவது மாநாட்டில் இந்தியப் பெண் இன்ஜினீயர்கள் பங்கேற்க முயற்சிகள் எடுத்தார். 1979-ல், 60 வயதில் காலமானார்.

'வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?' இன்றைக்கும் இளம் தாய்மார்கள் கேட்டுச் சலித்த கேள்வி இது. லலிதாவின் முன்னாலும் அதே கேள்விதான் நின்றது. எந்தப் படிப்பு, எந்த ஊர், எந்த வேலை என்று எல்லாவற்றையும் அதை வைத்தே முடிவெடுத்தார். படிப்பை மட்டும் விடவில்லை. 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ போய் வா' என்று சொல்ல அவருக்கு ஒரு குடும்பம் இருந்தது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு வார்த்தைக்காக யாராவது காத்திருக்கிறார்களா? இன்றே சொல்லிவிடுங்கள்!