கண்டு கொடுத்த பரிசு

எமது மாணவி ஒருத்தி சென்ற மாதம் ஒரு நாள் பாடம் முடிந்த பின்னரும் வகுப்பறையை விட்டுப் போகாமல் தயங்கி நின்றாள். எட்டியாந்தோட்டைப் பகுதியிலுள்ள றப்பர்த் தோட்டமொன்றின் பிள்ளை அவள். குற்றியலுகரத்தில் ஐயமோ, கட்டுரையில் ஐயமோ என்று எண்ணி, யாது வேண்டும் என வினவினோம்.

"சேர், என்னோடு படித்த சிநேகிதிக்குக் கலியாணம். இறக்குவானைப் பக்கத்துத் தோட்டத்துக்கு வாழப் போகிறாள். என் கையில் ஐந்நூறு ரூபாய்தான் இருக்கிறது. என்ன கொடுக்கலாம்?" என்றாள்.

குற்றியலுகரமாக இருந்திருப்பின் உடனே விடை கூறியிருப்போம். இதற்கு விடை தோன்றவில்லை. "சுவர்க்கடிகாரம் மட்டும் வேண்டாம்" என்று மாத்திரம் சொல்லி அனுப்பினோம்.

அவ்வாறு சொன்னதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு எமக்குத் தெரிந்த இளைஞன் ஒருவனது திருமணத்துக்குச் சென்றிருந்தோம். மணமக்கள் குடிபுக இருந்தது, 10 அடிக்கு 12 அடி கொண்ட லயத்துக் காம்பரா ஒன்றில். வந்து சேர்ந்த பரிசுகளிலோ ஏழு சுவர்க்கடிகாரங்கள்! சுவர் நான்குதான் என்பதை எவரும் சிந்திக்கவில்லை. அவற்றுள் ஒன்றை நாம் கொண்டுபோயிருந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டில் 1,000 ரூபாய் என்றும், 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபாய் என்றும் நிர்ணயிக்கப்பட்டது. காலையில் மழை பெய்துவிட்டால் பால்வெட்டு இல்லை. வேலை இல்லாவிடின் சம்பளமும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் ஒரு நாள் உழைப்பைக் கொடுத்து வாங்கிவந்த கடிகாரங்கள், பெட்டியும் பிரிக்கப்படாமல் கட்டிலின் கீழ் அடுக்கப்பட்டன. அடுத்த கலியாணத்துக்கு அவற்றுள் ஒன்று பயணமாகியிருக்கும்.

இது வீண்செலவு என்ற அளவில் முடிந்துபோகும் பிழை. கொடுப்பதிலே வேறொரு பிழையும் உண்டு. அது வாங்குபவரைச் சுடும். இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஒருமுறை அதனைக் கண்டோம். தலைநகரிலிருந்து வந்த அன்பர்கள் சிலர் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வழங்கினர். நல்ல எண்ணம், நல்ல சப்பாத்து. ஆனால் அளவு மாத்திரம் எவரும் கேட்டு வந்ததில்லை. பிள்ளைகளை மேடைக்கு ஒவ்வொருவராக அழைத்து, பெயரை ஒலிபெருக்கியிற் கூறி, புகைப்படம் பிடித்து, அங்கேயே அணிந்து காட்டவும் செய்தார்கள். ஒரு சிறுவனுக்குக் குதிகால் உள்ளே நுழையவில்லை. புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார், அவனும் சிரித்தான். மாலையில், அந்தச் சப்பாத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு மலைப்பாதையில் அவன் நடந்து போனதைக் கண்டோம்.

சங்க காலத்துப் புலவராகிய பெருஞ்சித்திரனார் அன்று அவ்விடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நாம் எண்ணியதுண்டு. அவர் அதியமானைக் காண நெடுவழி நடந்து சென்றார். மன்னனோ அவரை நேரில் காணாமலே பரிசிலை அனுப்பி வைத்தான். புலவர் வறியவர், எனினும் அதனை ஏற்க மறுத்துவிட்டார். முகம் காணாமல் தந்த பொருளை வாங்கிப் போவதற்குத் தாம் வணிகர் அல்லர் என்பது அவர் வாதம். கொடுப்பது சிறிதே ஆயினும், ஆளைக் கண்டு, அவர் தகுதியை அறிந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டார். புறநானூற்றின் 208ஆம் பாட்டு இது. பரிசில் வேண்டிப் பாடிய பாட்டுகள் அந்நூலிலே பல உண்டு. கையில் வந்ததைத் திருப்பிய இந்தப் பாட்டையே நாம் ஆண்டுதோறும் மாணவருக்கு விரும்பிச் சொல்வது.

அச்சிறுவனால் அவ்வாறு திருப்பிக் கொடுக்க இயலவில்லை. ஆனால் அதே பாடசாலையின் இளம் ஆசிரியை ஒருவர் அவனைக் கவனித்திருந்தார். அடுத்த ஆண்டு, பழைய மாணவர் சிலர் சப்பாத்து வாங்கித்தர முன்வந்தபோது, அவர் ஒரு காரியம் செய்தார். சித்திர பாட வேளையில், பிள்ளைகள் எல்லோரையும் பழைய தாளின் மீது கால் வைக்கச் சொல்லி, பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்து, அதனைப் பூவாகவும் மீனாகவும் படகாகவும் மாற்றித் தீட்டச் சொன்னார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, ஆசிரியைக்கோ அளவெடுப்பு. ஒரு மாதம் கழித்து ஒவ்வொரு பிள்ளையும் தன் மேசையில் ஒரு பொதியைக் கண்டது. மேடையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. சப்பாத்தைச் சுற்றியிருந்த தாள், அந்தப் பிள்ளை தானே வரைந்த பாதச் சித்திரம்! கொழும்புக் கடைகளில் மினுங்குகின்ற பரிசுத் தாள்கள் எத்தனையோ உண்டு. இதற்கு ஈடான ஒன்றை நாம் கண்டதில்லை.

இவையெல்லாம் பாடசாலை விஷயம். ஊர்ச் சடங்குகளில் மொய் எழுதியாக வேண்டுமே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். மொய்யை நாம் இழிவாகப் பேசமாட்டோம். பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் என்பவர் 1925ஆம் ஆண்டு வெளியான தமது ஆய்வில், கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றும் கடமைகளாக ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைப் பொலினீசியத் தீவினர், வட அமெரிக்கப் பழங்குடியினர் முதலியோரிடையே எடுத்துக்காட்டினார். எமது லயங்களில் அதை அறிவதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. மொய்க் கொப்பி ஒன்றைப் புரட்டினாற் போதும். வட்டியில்லாத கடனாக அது பல குடும்பங்களைத் தாங்கி நின்றிருக்கிறது. தீபாவளி முற்பணம் என்று தோட்ட நிர்வாகம் தருவதும் பரிசன்று. பின்னர் மாதச் சம்பளத்திலே கழிக்கப்படும் கடன்தான். அதைவிட மொய் மேல்; மழைக்காலத்தில் நெருக்குவதில்லை.

ஆயினும் கொடுத்த தொகையை ஒலிபெருக்கியில் வாசிக்கும் வழக்கம் எமக்கு உடன்பாடானதன்று. குறைந்த தொகை எழுதியவர், தம் பெயர் வரும் முன்னரே பந்தியில் அமராமல் எழுந்து போவதைப் பார்த்திருக்கிறோம். எம் உறவினர் வீட்டிலிருந்த பழைய மொய்க் கொப்பி ஒன்றிலே பணத்துக்கு நடுவே, வாழைமரம் இரண்டு, விறகு ஒரு கட்டு, பந்தல் வேலை இரண்டு நாள் என்றெல்லாம் எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் அதிகம் படித்தவரல்லர். உடலுழைப்பையும் பணத்தையும் ஒரே பக்கத்தில் சமமாக அமர்த்திய அந்த நியாயம் எப்போது கைவிடப்பட்டதோ!

எமது மாணவி என்ன செய்தாள் என்பதைச் சொல்ல மறந்துவிட்டோம். அவள் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினாள். சிநேகிதி பிறந்து வளர்ந்த லயத்தில் வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு தாயிடமும் ஒரு பக்கத்துக்குச் செய்தி கேட்டு எழுதிக்கொண்டாள். ஒருவர் பலாக்கொட்டைக் குழம்பின் பக்குவத்தைச் சொன்னார். ஒருவர் பிள்ளைக்குச் சளி பிடித்தால் செய்யும் கைமருந்து சொன்னார். இன்னொரு மூதாட்டி, "மாமியார் ஏசினால் அன்றைக்குப் பதில் சொல்லாதே, மறுநாள் சொல்" என்று எழுதச் சொன்னாராம்! ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சொன்னவரின் பெயரும் தொலைபேசி எண்ணும். கொப்பியைச் சுற்றிக் கட்டியது, மணமகளின் தாயாரிடம் கேட்டு வாங்கிய பழஞ்சேலைத் துண்டு. மொய் எழுதியவர் இதை வாங்கிப் பார்த்து, "இதற்கு எவ்வளவு என்று போடுவது?" எனத் திகைத்தாராம். கடைசியில் 'கொப்பி ஒன்று' என்று எழுதினார். ஐந்நூறு ரூபாயில் மீதிப் பணத்துக்கு என்ன செய்தாய் என்று கேட்டோம். "பஸ்ஸுக்கு வேண்டுமே சேர்" என்றாள்.

பரிசைச் சுற்றித் தரும் பொருள்களுக்கும் சப்ரகமுவையில் குறைவில்லை. கித்துள் கருப்பட்டியைச் சிரட்டையில் வார்த்து, காய்ந்த இலையிற் பொதிந்து கொண்டுவரும் கிராமத்தாரின் கைத்திறனைப் பாருங்கள். பிரிக்கும்போதே வாசனை வரும். கமுகின் மட்டை, வாழைமடல் எல்லாம் காசில்லாமல் கிடைப்பவை. கேகாலைக்கு அருகே கண்டி வீதியில் மொலகொடை மட்பாண்டங்களுக்குப் பெயர்போன ஊர். சிறிய சட்டி ஒன்றை வாங்கி, அதனுள்ளே பரிசை வைத்து, மேலே துணியால் மூடிக் கட்டினால் சட்டியும் பரிசாகிவிடும். ஜப்பானியர் ஃபுரோஷிகி என்னும் சதுரத் துணியில் பொருள்களை முடிந்து எடுத்துச் செல்வர். எமது பாட்டிமாரின் துணி மூட்டைக்கு அது தூரத்து உறவு.

மூடிய தட்டு என்றதும் நினைவுக்கு வருவது ஒன்றுண்டு. நுவரெலியாவின் பெருந்தோட்டங்களைப் போலன்றி, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்கள் பலவற்றின் எல்லையிலேயே சிங்களக் கிராமங்கள் இருக்கின்றன. தீபாவளியன்று லயத்திலிருந்து முறுக்கும் அதிரசமும் துணிபோட்ட தட்டில் கிராமத்துக்குப் போகும். தட்டு உடனே திரும்பாது. வெறுந்தட்டைத் திருப்புவது வழக்கமன்று. சித்திரைப் புத்தாண்டுக்கு கொக்கிசும் கவுமும் வாழைப்பழமும் நிறைந்து அது வீடு வந்து சேரும். 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களின்போது தட்டுகளின் பயணம் பல இடங்களில் நின்றுபோயிற்று. எமது வீட்டார் ஓரிரவு ஒளிந்திருந்த இடம், அவ்வாண்டு எமது தட்டு தங்கியிருந்த வீடு. விடிந்து புறப்படும்போது அந்த வீட்டு அம்மையார் தட்டை மறவாமல் கொடுத்தனுப்பினாராம், மேலே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

இன்னும் ஒன்று சொல்லி நிறுத்துவோம். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியா செல்ல வேண்டுமென்றும், 3 இலட்சம் பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்றும் முடிவாயிற்று. எமது பாட்டியார் இங்கே தங்கும் பட்டியலில். அடுத்த காம்பராவில் இருந்த பெரியாயி போகும் பட்டியலில். எழுபதுகளில் அவருக்குப் புறப்படும் நாள் வந்தது. ஆட்டையும் பித்தளைப் பாத்திரங்களையும் வந்த விலைக்கு விற்றார். அம்மியும் குழவியும் மாத்திரம் மிஞ்சின. பாட்டியாரிடம் அம்மி கிடையாது. நாள்தோறும் பெரியாயியின் இஸ்தோப்பிலேதான் மிளகாய் அரைப்பார். எவரிடமும் எதையும் இலவசமாய் வாங்கும் குணமும் அவரிடம் கிடையாது. அது பெரியாயிக்குத் தெரியும்.

அவர் தம் மக்கள் இருவரைக் கொண்டு அம்மியைத் தூக்கிவந்து வாசலில் இறக்கினார். "தங்கச்சி, இதைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்களாம். நான் வருகிற வரைக்கும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். சும்மா போட்டால் பாசி பிடித்துவிடும், தினமும் அரைத்துக்கொண்டிரு" என்றார். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்பது இருவருக்கும் தெரிந்ததே. "அதற்கென்ன அக்கா, பார்த்துக்கொள்கிறேன்" என்று பாட்டியார் வாங்கி வைத்தார்.

பின்னர் எமது குடும்பம் கேகாலை நகருக்குக் குடிபெயர்ந்தபோது அம்மியும் வந்தது. சென்ற ஆண்டு சமையலறைக்குத் தரையோடு பதிக்க வந்த மேசன், இந்தக் கல்லை அப்புறப்படுத்தினால் இடம் தாராளமாக இருக்கும் என்றார். எமது தாயார் சம்மதிக்கவில்லை. "அது எங்களுடையதில்லையே தம்பி, ஒருவர் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனது" என்றார். அம்மியைச் சுற்றியே தரையோடு பதிக்கப்பட்டிருக்கிறது.